மணக்காதவர்களுக்கு மலையில் இடமில்லை

ஒரு மனிதன் எப்படி மணக்க வேண்டும் என்பதை அவனவன் இஷ்டத்துக்கு விட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. சேர்வராயன் மலையில், நாகலூருக்கு அப்பால் இருந்த பிளன்கின் துரையின் காப்பி எஸ்டேட்டில், அந்தக் காலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்தில் முடிவுக்கு வந்தது.

காரணம் துரைசானி.

அந்த அம்மாள் சீமைக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினாள். வழக்கமாகத் தொப்பி கொண்டுவருவாள், இல்லாவிட்டால் நாய்க்குட்டி. இந்தத் தடவை ஒரு கொள்கை கொண்டுவந்தாள். மனிதனுக்கு வரும் நோய்க்கெல்லாம் வாசனையே மருந்து என்று பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்களாம். சீமையில் பெரிய வீடுகளில் இப்போது யாரும் மருந்து குடிப்பதில்லையாம். முகர்கிறார்களாம்.

எஸ்டேட் எல்லையில் தைல மரங்கள் நின்றன. இலையைப் பறித்துச் செப்பு அண்டாவில் வேகவைத்து, ஆவியைக் குழாய் வழியே குளிரவிட்டால் யூகலிப்டஸ் தைலம். துரைசானி கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்தாள். கண் கலங்கியது. மனசு தெளிந்தது என்றாள். துரையையும் முகரச் சொன்னாள். அவருக்கும் கண் கலங்கியது. தெளிந்துவிட்டது என்று அவரும் ஒப்புக்கொண்டார். கல்யாணமாகி இருபது வருஷம்.

நல்ல தைலம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. கொதிக்கிற தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடித்தால் அடைத்த மூக்கு திறக்கும். தேங்காயெண்ணெயில் கலந்து தேய்த்தால் முட்டிவலி கேட்கும். கலக்காமல் அப்படியே பூசினால் தோல் எரியும். குடித்தால் ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் சுடுகாடு. கைக்குழந்தை முகத்தருகே கொண்டுபோகக் கூடாது. இழுப்புக்காரர்கள் பலருக்கு ஆகவே ஆகாது. இவ்வளவுதான் விஷயம். இதை எழுதி, கூலியாட்கள் குடியிருந்த லைன் வீடுகளின் சுவரில் ஒட்டியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒரு விஷயம் இவ்வளவு சுலபமாக முடிவதற்காகவா ஆபீஸ் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்?

துரை உத்தரவு போட்டார். இங்கிலீஷில் ஐந்து வரி. அதைத் தமிழில் எழுதும் பொறுப்பு ரைட்டர் வெங்கடாசலத்துக்கு வந்தது.

வெங்கடாசலம் சேலத்துக்காரர். எஸ்டேட் ஆபீசில் பேனா பிடித்தே நரைத்தவர். துரையின் ஐந்து வரியைப் பார்த்ததும் அவருக்குப் பரிதாபமாக இருந்தது. உத்தரவு என்றால் படிக்கிறவனுக்குக் கொஞ்சம் நடுக்கம் வர வேண்டாமா? உட்கார்ந்து எழுதினார்:

'இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மேற்படி எஸ்டேட் எல்லைக்குள் வசிக்கும் ஆண், பெண், குழந்தை, உத்தியோகஸ்தர், உத்தியோகஸ்தர் குடும்பத்தார் யாவரும் மேற்படி தைலத்தை மேனியில் தரித்து, எந்நேரமும் மேற்படி மணத்துடன் விளங்கக் கடவர். மேற்படி மணமின்றிக் காணப்படுவோர் மேற்படி மலையில் வசிக்கும் பாத்தியதையை இழந்து கீழே அனுப்பப்படுவர்.'

உடம்புக்கு ஆகாதவர்களுக்கு இது பொருந்தாது என்று துரையின் இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. வெங்கடாசலம் யோசித்தார். இந்த ஓட்டையை விட்டால் நாளைக் காலையில் லைனில் ஒருத்தருக்கும் உடம்புக்கு ஆகாது. அந்த வரியை அடித்துவிட்டார். 'உத்தியோகஸ்தர் குடும்பத்தார்' என்பது துரை எழுதியதே இல்லை. ஓசைக்காக அவரே சேர்த்தது. துரை தமிழைப் பார்த்தார், நீளமாக இருந்தது, திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

உத்தரவு இருந்தால் மேற்பார்வை வேண்டும். மேற்பார்வை என்றால் ஆபீசர் வேண்டும். சேலத்திலிருந்து ஒருவரைத் தருவித்தார்கள். வாசனைச் சுகாதார இன்ஸ்பெக்டர் என்று அவருக்குப் பட்டம். லைனில் 'மோப்ப ஆபீசர்' என்றார்கள், அவர் காதில் விழாமல்.

காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். மேஸ்திரி சித்தன் பேர் கூப்பிடுவான். இன்ஸ்பெக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் கழுத்தருகிலும் குனிந்து முகர்ந்து, 'மணம்' அல்லது 'மணமில்லை' என்பார். மணமில்லை என்றால் அன்றைக்கு வேலையில்லை. தொடர்ந்து மணமில்லாதவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டியது.

காப்பி பறிக்கும் மருதாயி இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"குழந்தை மணக்கவில்லை," என்றார் இன்ஸ்பெக்டர்.

"மணக்குதுங்களே. பால் வாசம் அடிக்குதுங்க."

"அது அங்கீகரிக்கப்பட்ட வாசனை அல்ல. மூக்குக்குக் கீழே தைலம் தடவ வேண்டும்."

"பச்சப் புள்ளைங்க. மூச்சு முட்டிப் போயிருமுங்க."

"உத்தரவில் குழந்தை என்று இருக்கிறது."

மருதாயி ரைட்டரைப் பார்த்தாள். ரைட்டர் வானத்தைப் பார்த்தார்.

"சரிங்க. நாளைக்குத் தடவிக் கொண்டாறனுங்க," என்றாள் மருதாயி.

மறுநாள் குழந்தையை வீட்டில் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, ஒரு சவுக்குக் கட்டையில் தைலத்தை ஊற்றி, துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இன்ஸ்பெக்டர் குனிந்து முகர்ந்தார்.

"இப்போதுதான் குழந்தை நல்ல நிலையில் இருக்கிறது," என்றார். "அழுவதுகூட இல்லை பார்."

"ஆமாங்க சாமி. நொம்பப் பதனமா இருக்குதுங்க."

இதெல்லாம் வெங்கடாசலத்துக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும்.

வெள்ளிக்கிழமை குடும்ப முகர்வு. உத்தியோகஸ்தர் வீடுகளுக்கு இன்ஸ்பெக்டர் நேரில் வருவார். வெங்கடாசலம் தன் மனைவி சென்னம்மாளைத் தைலம் பூசி உட்காரவைத்தார். இன்ஸ்பெக்டர் முகர்ந்து, மெச்சிவிட்டுப் போனார். அவர் படியிறங்குவதற்குள் சென்னம்மாளுக்கு இழுப்பு கண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சுக்கு அல்லாடினாள். சனிக்கிழமை மத்தியானம்தான் வாய் திறந்து பேசினாள்.

"ஏனுங்க, அடுத்த வெள்ளிக்கிழமையும் வருவாருங்களா அந்த ஆளு?"

"வருவாரு."

"அப்ப நான் வியாழக்கிழமையே போயிர்றனுங்க."

"எங்க போவ?"

வெங்கடாசலம் இந்த மலைக்கு வேலைக்கு வந்ததே அவளுடைய இழுப்புக்காகத்தான். சேலத்துப் புழுதியில் அவள் பாதி உயிராகக் கிடந்தாள். இங்கே வந்த பிறகு படி ஏறினாள், பாட்டுப் பாடினாள், அவரைத் திட்டவும் தெம்பு வந்தது. மலையில் இருந்தால்தான் அவளுக்கு மூச்சு. மணந்தால்தான் மலையில் இருக்கலாம். மணந்தால் மூச்சு இல்லை. இவ்வளவு கச்சிதமாக ஒரு கண்ணியைத் துரையால் தனியாகச் செய்திருக்க முடியாது. ரைட்டர் உதவி தேவைப்பட்டது.

திங்கட்கிழமை வெங்கடாசலம் இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனார். அறைக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். தைலத்துக்காக அல்ல. அலமாரிக்குப் பின்னால் ஒரு எலி செத்து, அது தன் கடமையை முழுமூச்சாகச் செய்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, என்ற சம்சாரத்துக்கு இழுப்புங்க. தைலம் ஆகறதில்லீங்க. விலக்கு வேணுமுங்க."

"உத்தரவில் விலக்கு இல்லையே, மிஸ்டர் ரைட்டர். யார் எழுதியதோ, மிகவும் உறுதியாக எழுதியிருக்கிறார்."

வெங்கடாசலம் அடக்கமாக இருந்தார்.

"இருந்தாலும்," என்றார் இன்ஸ்பெக்டர், "இழுப்புக்கு என்ன மருந்து?"

"சேலத்துல ஒரு சூரணம் குடுத்தாங்க."

"தைலம். துரைசானி அம்மாள் புத்தகத்தில் இருக்கிறது. தைலம் பூசி இழுப்பு வந்தால் என்ன அர்த்தம்? தைலம் போதவில்லை என்று அர்த்தம்."

"கூடப் பூசினா இழுப்பும் கூடுமுங்களே."

"அப்போது இன்னும் போதவில்லை."

"விலக்குக் கேட்டு மனு போடலாமுங்களா?"

"தாராளமாக. மனுதாரர் நேரில் இந்த அறைக்கு வர வேண்டும். வருமுன் தைலம் பூசியிருக்க வேண்டும். இது வாசனை இலாகா அல்லவா? மணமில்லாதவர்களை உள்ளே விடுவதில்லை."

எலியின் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. வெங்கடாசலத்துக்குக் கண் இருட்டியது. இன்ஸ்பெக்டர் இன்னொரு வடையை எடுத்தார். அப்போதுதான் ரைட்டருக்கு விஷயம் பிடிபட்டது. காலையிலிருந்து சாயங்காலம் வரை தைலத்தை முகர்ந்து முகர்ந்து இந்த மனிதருக்கு மூக்கு போய்விட்டது.

"ஐயா, ஒரு சந்தேகமுங்க. மணம் இருக்குதா இல்லியான்னு இப்பவும் மோந்துதான் பாக்கறீங்களா?"

இன்ஸ்பெக்டர் வடையை வைத்தார். கதவுப் பக்கம் பார்த்தார்.

"மூக்கு ஒரு சாதாரண உறுப்பு, மிஸ்டர் ரைட்டர். அதை நம்பி நிர்வாகம் நடத்த முடியாது. ஆட்கள் திருடுகிறார்கள். தைலம் பூசாமலே வருகிறார்கள். ஒருத்தர்கூட மணப்பதில்லை. இரட்டிப்பாகக் கொடுத்தேன், அப்போதும் மணக்கவில்லை. ஆகவே இன்றிலிருந்து விளைவை வைத்துப் பார்க்கிறேன். தைலம் பூசியவனுக்கு இருமல் வர வேண்டும். இருமினால் மணம். இருமாவிட்டால் மணமில்லை. விஞ்ஞானம்."

வெங்கடாசலம் விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"சென்னம்மா, தைலம் வேண்டாம். இருமுனாப் போதும்."

"இருமறதுங்களா?" என்றாள் சென்னம்மாள். "பொறந்ததுலருந்து நான் வேற என்னத்தப் பண்ணியிருக்கறனுங்க?"

வெள்ளிக்கிழமை அவள் இருமிய இருமலில் இன்ஸ்பெக்டர் இரண்டு அடி பின்வாங்கினார். எஸ்டேட்டிலேயே மிகச் சிறந்த மணம் என்று எழுதிக்கொண்டு போனார். சென்னம்மாள் சேலையை உதறிவிட்டு ராகிக் களி கிண்டப் போனாள்.

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவள் மருதாயியிடம் சொன்னாள். மருதாயி லைனுக்குச் சொன்னாள். இருமத் தெரியாத சின்னஞ்சிறுசுகளுக்குச் சென்னம்மாளே வந்து சொல்லிக்கொடுத்தாள். தொண்டையிலிருந்து இருமினால் நம்பமாட்டார்கள், அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். மறுநாள் பெரட்டுக்களத்தில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். மரத்திலிருந்த காக்கை பறந்துபோனது. தைலம் மூட்டைப்பூச்சிக்கு ஊற்றப்பட்டது. மூட்டைப்பூச்சி ஒழிந்தது. உத்தரவால் உண்டான ஒரே நன்மை அதுதான், அதற்கு ரிக்கார்டு கிடையாது.

இன்ஸ்பெக்டர் மகிழ்ந்துபோய் சேலத்துக்கு ரிப்போர்ட் அனுப்பினார்: 'எஸ்டேட்டில் இருமல் நூற்றுக்கு நூறு எட்டப்பட்டுவிட்டது.'

சேலத்தில் அதைப் படித்த பெரிய டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடனே பதில் வந்தது. தபால் முதலில் ரைட்டர் கைக்குத்தான் வரும். பிரித்துப் படித்தார். மலையில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகத் தெரிகிறது, நாளை டாக்டர் நேரில் வருகிறார், இருமுகிறவர்கள் எல்லோரையும் மலையிலிருந்து இறக்கிச் சேலத்துக்கு வெளியே கொட்டகையில் வைக்கவேண்டும்.

அது சித்திரை மாதம். சேலத்துக் கொட்டகை, சித்திரைப் புழுதி, சென்னம்மாளின் நெஞ்சு. மூன்றையும் சேர்த்து நினைக்க வெங்கடாசலத்துக்குத் தைரியம் வரவில்லை.

"இருமாதே," என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"நேத்து இருமச் சொன்னீங்க."

"நேத்து இருமாட்டி எறக்குவாங்க. நாளைக்கு இருமுனா எறக்குவாங்க."

சென்னம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குக் கிளம்பினாள். ஒரு மணி நேரத்தில் லைனில் இருமல் நின்றது.

காலையில் பெரட்டுக்களம் நிசப்தமாக இருந்தது. இன்ஸ்பெக்டருக்கு முகம் வெளுத்தது.

"ஏன் ஒருத்தரும் இருமவில்லை, மிஸ்டர் ரைட்டர்?"

"கொணமாயிட்டாங்க."

"எல்லோருமா?"

"உங்க தைலமுங்க."

இன்ஸ்பெக்டர் அதையும் ரிக்கார்டில் எழுதிக்கொண்டார்.

டாக்டர் வந்தார். குழாயை ஒவ்வொருவர் நெஞ்சிலும் வைத்துப் பார்த்தார். மருதாயியின் குழந்தை தன் சொந்த உருவத்தில் வந்திருந்தது. கொழுக் மொழுக்கென்று இருந்தது. சென்னம்மாளின் முறை வந்தபோது வெங்கடாசலம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் முன்னும் பின்னும் குழாயை வைத்தார். தைலம் படாத பத்து நாளில் அவள் நெஞ்சு கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லையே," என்றார் டாக்டர். "இருமுகிறவர்கள் எங்கே?"

அப்போது பின்னாலிருந்து இருமல் கேட்டது. துரை. அவரைத் தொடர்ந்து துரைசானி. துரைசானி நிறுத்தியதும் இன்ஸ்பெக்டர். எஸ்டேட்டில் உண்மையாகவே அனுதினமும் தைலத்தைப் பூசிக்கொண்டவர்கள் அவர்கள் மூன்று பேர்தான்.

டாக்டர் நேர்மையானவர். மூவரையும் தனியே அழைத்துப் போய் உண்மையைச் சொன்னார். இதை இப்படிக் கலக்காமல் பூசக் கூடாது, நாளெல்லாம் முகரக் கூடாது, குழந்தை முகத்தில் தடவச் சொன்னது எந்த மடையன் என்று கேட்டார். எல்லாம் வாயால் சொன்னார். எழுத வேண்டிய இடம் வந்ததும் யோசித்தார். இருமுகிறவர்களைக் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் போட்ட உத்தரவு. இருமுகிறவரோ துரை. மத்தியானம் துரை பங்களாவில் சாப்பாடு. கோழி வறுவல். அதன் பிறகு எழுதினார்:

'உயர்தர உடம்புகளில் காணும் இருமல் நோயல்ல, மணம் நன்கு ஏறியதன் அடையாளம். மேற்படி தைலம் சாதாரண உடம்புகளுக்கு ஒவ்வாது. இனி அது அந்தஸ்துக்குத் தக்கபடி மட்டுமே வழங்கப்படும்.'

அப்படியே கிரேடு போட்டார்கள். துரை, துரைசானி, இன்ஸ்பெக்டர் முதல் கிரேடு. ரைட்டர் இரண்டாவது, இரண்டு காதுக்குப் பின்னாலும் சட்டைக் காலரிலும். மேஸ்திரி சித்தன் மூன்றாவது, கைக்குட்டை ஓரத்தில் மட்டும். மற்றவர்கள் மணத்தோடு காணப்பட்டால் தண்டனை.

அதோடு நிம்மதி வந்திருக்க வேண்டும். இலவசமாக ஊற்றியபோது மூட்டைப்பூச்சிக்குக் கொடுத்த ஜனங்கள், கூடாது என்றதும் தைலத்துக்கு அலைந்தார்கள். ஒண்டிக்கடை பஜாரில் ஒரு கடைக்காரர் அதைப் புடவைக் கட்டுக்கு அடியில் வைத்து விற்றார். நாகலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு சீசா தைலம் கேட்டு, அது வரும்வரை தாலி கட்டவில்லை. மருதாயிகூட வெற்றிலைப் பையில் நனைத்த துணி ஒன்றை வைத்திருந்தாள்.

வெங்கடாசலம் முதல் நாள் பூசவில்லை. அவர் பூசாமல் ஒண்டிக்கடைக்குப் போனபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் சும்மா, பரீட்சைக்காக, காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு போனார். கடைக்காரர் எழுந்து நின்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் தள்ளி இடம் விட்டார்கள். "பெரியவங்க வர்றாங்க, வாசம் வருது பாரு," என்று யாரோ சொன்னது அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. காலரிலும் வைத்துக்கொண்டார்.

பொழுது சாயும்போது வீட்டுப் படியில் கால் வைத்தார்.

"அங்கயே நில்லுங்க," என்றாள் சென்னம்மாள் உள்ளேயிருந்து.

"ஏம்புள்ள?"

"என்ன வாசம் அது?"

"ரெண்டாவது கிரேடு," என்றார் வெங்கடாசலம்.

"எந்தக் கிரேடா இருந்தாலும் எனக்கு இழுக்கறது ஒரே மாதிரிதானுங்க. குளிச்சுப்போட்டு ஊட்டுக்குள்ள வாங்க. தண்ணி சுட வெச்சிருக்கறேன்."

"குளிச்சாப் போயிருமே."

"போவட்டுமுங்க."

"காத்தாலக்கி ஆபீசுல எப்படிப் போய் நிக்கறது? மணமில்லாத ரைட்டர எவன் மதிப்பான்? நீ கொஞ்சம் மூஞ்சியத் திருப்பிப் படுத்துக்கயேன்."

சென்னம்மாள் கதவருகே வந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கோசரம் மலையவே இரும வெச்ச மனுசன் நீங்க," என்றாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளேயிருந்து வெந்நீர் அடுப்பின் புகையும் களி வாசனையும் வந்தன. வெங்கடாசலம் காலரை ஒரு தரம் முகர்ந்து பார்த்தார். பிறகு விறகுக் கட்டைகள் அடுக்கியிருந்த பக்கம் போனார். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. அங்கே ஏற்கெனவே ஒருவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேஸ்திரி சித்தன். மடியில் கைக்குட்டை.

"நீயுமா சித்தா?"

"ஆமாங்க. என்ற பொண்டாட்டி பாவாயி உள்ள உடமாட்டேங்கறாளுங்க. தலை வலிக்குதாமா."

"கைக்குட்டையத் தூக்கிப் போட்டுட்டுப் போக வேண்டியதுதான?"

"அதெப்படிங்க? துரை குடுத்ததுங்களே."

வெங்கடாசலம் பக்கத்தில் உட்கார்ந்தார். குளிருக்குச் சித்தன் கம்பளியில் ஒரு பாதியை விரித்து, அவர் பக்கமாக நகர்ந்து வந்தான். ரைட்டர் மூக்கை உறிஞ்சினார்.

"நீ மூணாவது கிரேடுதான?"

"ஆமாங்க."

"அப்ப கொஞ்சம் தள்ளி உக்காரு."

சித்தன் கம்பளியை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தான். அவர் சொன்னது முறைதான் என்று அவனுக்கும் பட்டது.